விளையாட்டு இருக்குமிடத்தைக் காட்டவும்

செம்மங்குப்பம்
24-11-2005

அன்புள்ள சிந்துவுக்கு,

உன் ஒற்றை வரிக் கடிதம் கிடைத்தது. “அப்பா, நீங்கள் அனுப்பியது பெயர்ப்பலகை. வீடு எங்கே?”

உன் மாமன் அன்பரசு கடையிலிருந்து அந்தக் கிரிக்கெட் கேமை அப்படியே எடுத்து அனுப்பச் சொன்னாய். நானும் திரையில் மட்டையும் பந்தும் போட்டிருந்த படத்தைப் பிடித்து இழுத்து ஃப்ளாப்பியில் விட்டேன். கண் சிமிட்டும் நேரத்தில் ஏறிவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டியவனுக்கு எங்கே வரும்? ஷிப்ட் முழுக்கச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, “இதுக்குள்ள ஒரு ஸ்டேடியமே இருக்குடா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளே இருந்தது படம் மட்டும்தான் என்று தெரிந்ததும் ஆரோக்கியராஜ் இப்போது பார்க்கும்போதெல்லாம், “ஸ்டேடியத்துல மழையா கோவிந்தசாமி, ஆட்டம் நடக்கலியா?” என்கிறான்.

அவன்தான் எங்கள் கம்பெனி டைம் ஆபீஸில் உன் கடிதங்களை வாங்கி வைக்கிறவன். அவனைப் பகைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு எழுதினால் அம்மா பிரித்துவிடுவாள். போன் செய்தாலும் அவள்தான் எடுப்பாள். அவள் தம்பிக்கு எதிராக நாம் போடும் திட்டத்தை அவளிடமே சொல்லவா முடியும்?

அன்பரசு கடை வாசலில் புதிதாகப் பெரிய பேனர் வைத்திருக்கிறான். “கடலூர் கப் – நம்ம ஊர் டீம்கள் ஆடும் ஒரே கம்ப்யூட்டர் கேம். உருவாக்கம்: அன்பு கம்ப்யூட்டர்ஸ்.” கூடவே அவன் போட்டோ, கையைக் கட்டிக்கொண்டு. லீவு நாளெல்லாம் அவன் கடையில் கண் வீங்க உட்கார்ந்து நீ செய்தது அது. எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் பாய்லரைக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை அணைப்பார்கள், இது அணையாது போலிருக்கிறது.

வீடு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. எலியைப் பிடிக்கவே எனக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது.

அப்பா


அண்ணாமலை நகர்
29-11-2005

அப்பா,

கேலி பண்ணிக்கொள்ள இப்போது நேரமில்லை. நிலைமையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கடையில் வாங்கிய கிரிக்கெட் கேமில் வெளிநாட்டு டீம்கள் இருக்கும். நான் செய்தது அதன் மேல் ஏறி உட்காரும் ஒரு ப்ரோக்ராம். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, புதுப்பாளையம், செம்மங்குப்பம் என்று நம் டீம்களை அதற்குள் கொண்டுவரும். ஊர்ப் பெயரைப் போடுவது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கேம் வேறு வேறு இடத்தில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கிறதே, அந்தப் பகுதிக்குத்தான் எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதைத்தான் இந்த வருஷ ப்ராஜெக்டாகக் கொடுத்தேன்.

மாமா விற்ற சி.டி. இங்கே பசங்கள் தங்கியிருக்கும் லாட்ஜ் லாட்ஜாகச் சுற்றுகிறது. எங்கள் மேடம் அதைப் பார்த்துவிட்டார். “கடலூர்ல ஒரு கடைக்காரர் செஞ்சதை நீ வாங்கிக் குடுத்திருக்கியா?” என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்றேன். “அப்படின்னா அந்தக் கடைக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா. ஜனவரி இருபது வைவா. அதுக்குள்ள வந்தா சரி” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வராவிட்டால் எனக்குப் பூஜ்யம். பூஜ்யத்தைவிட, வகுப்பே திருடி என்று பார்க்கும்.

தீபாவளிக்கு வந்தபோது மாமாவிடம் கேட்டேன் அல்லவா? உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. என் பெயர் வருகிற புது சி.டி.யை அவர் கம்ப்யூட்டரில் போட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, “விளையாட்டு இருக்குமிடத்தைக் காட்டவும்” என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அவர் கேமை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார். நான் தேடுவதற்குள் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அத்தனை பசங்க முன்னால், “இவ ஸ்பெல்லிங் பாத்துக் குடுத்தா, அவ்ளோதான். வீட்டுக்குப் போம்மா, கடையில ஆம்பளப் பசங்க இருக்காங்க” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்தப் படத்தின் மேல் அம்பை வைத்து எலியின் வலது பக்கம் ஒரு தடவை அழுத்துங்கள். வரும் பட்டியலில் கடைசி வரி ‘பிராப்பர்ட்டீஸ்’. அதற்குள் ‘டார்கெட்’ என்று ஒரு கட்டம். அதில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள்.

சிந்துஜா


செம்மங்குப்பம்
12-12-2005

அன்புள்ள சிந்துவுக்கு,

கைதட்டினவன் யார் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது. வேறொன்றுமில்லை, முகம் பார்த்து வைத்துக்கொள்ளத்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மழை. துபாயில் இருக்கும் சிநேகிதனுக்கு ஈமெயில் அனுப்பக் கற்றுக்கொள்ள வந்தேன் என்று கடையில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் துபாயில் யாரும் இல்லை என்பது அன்பரசுக்குத் தெரியும், ஆனாலும் நம்பினான். என்னைக் கிண்டல் பண்ணக் கிடைத்தால் அவன் எதையும் நம்புவான்.

“மாமா, மவுஸை ஏன் தூக்குறீங்க? அது என்ன ஸ்பேனரா? கீழ வெச்சு நகத்துங்க.”

“வயசான கை அன்பு, தானா தூக்குது.”

“பாத்து மாமா, ஏதாவது அமுக்கி கடலூரே கரண்ட் இல்லாம ஆயிடப் போவுது.”

பசங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வலது பக்கம் அழுத்தினேன்.

நீ எழுதியதைப் படித்தபோது புரியவில்லை, செய்யும்போது புரிந்தது. இது எங்கள் பிளான்ட் வேலைதான். டேங்கில் மாட்டியிருக்கும் பலகையை நாங்கள் நம்ப மாட்டோம். எந்தக் காலத்திலோ எவனோ மாட்டியது அது. குழாயைப் பிடித்துக்கொண்டு நடப்போம், அது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் டேங்க். இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அந்தப் படம் பலகை, டார்கெட் என்பது குழாய்.

குழாய் போய் நின்ற இடம் இது: C:\WINDOWS\FONTS\OLD\BILL\CC.EXE. பில் என்ற பெயருக்குள் கிரிக்கெட்டை ஒளித்திருக்கிறான் உன் மாமன். எட்டுக் கம்ப்யூட்டரிலும் இதுவேதான். பார்த்துவிட்டேன், எட்டுக்கும் எட்டு ஈமெயில் அனுப்புகிற சாக்கில்.

கிளம்பும்போது மரியாதையாகவே கேட்டேன். “அன்பு, சிந்து செஞ்சதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடேன். காலேஜ்ல கேக்கறாங்களாம்.”

“எழுதலாம் மாமா. ஆனா காணும் பொங்கலுக்கு டோர்னமென்ட் வெச்சிருக்கேன், கேபிள் டிவி வருது. இந்த நேரத்துல போயி நான் செய்யலன்னு எழுதினா கடை பேரு என்னாவறது? அதுக்கு வேற ப்ராஜெக்ட் பண்ணச் சொல்லுங்க. மூளைக்காரப் பொண்ணு, ரெண்டு நாள்ல பண்ணிடும்.”

உன் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்தால், பொங்கலுக்குத் தம்பி எடுக்கப் போகும் சீர்ப் புடவை என்ன நிறம் என்று அவள் பேசிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா


அண்ணாமலை நகர்
17-12-2005

அப்பா,

மூளைக்காரப் பொண்ணு என்றாரா? சரி.

எட்டிலும் அழித்துவிடுங்கள். அந்த ‘பில்’ ஃபோல்டரை அழுத்தி, ஷிப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு டிலீட். குப்பைத் தொட்டியில்கூட இருக்காது. காணும் பொங்கல் அன்று கேபிள் டிவிக்கு முன்னால் வெறும் திரையை வைத்துக்கொண்டு நிற்கட்டும். என் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் பெயரும் வரக் கூடாது.

பொங்கலுக்கு நான் வரவில்லை. அந்தச் சீர்த் தட்டை அவர் கையால் வாங்கி, காலில் விழுந்து எழுந்திருக்க என்னால் முடியாது. அம்மாவிடம் வைவாவுக்குப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். பாதி உண்மைதானே.

கைதட்டியவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் மாமாவை மட்டும் பாருங்கள்.

சிந்துஜா


செம்மங்குப்பம்
24-12-2005

அன்புள்ள சிந்துவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. இந்தக் குணம் அம்மா வழியில் வந்தது என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது என்னைக் கண்ணாடியில் பார்க்கும்போது சந்தேகமாக இருக்கிறது.

அழிக்க மாட்டேன். பாவம் பார்த்துச் சொல்லவில்லை. அழித்தால் அவன் அடுத்த நாளே சி.டி.யைப் போட்டு மறுபடி ஏற்றிவிடுவான். நமக்கு என்ன மிச்சம்? எங்கள் வேலையில் கோபம் வந்தால் டேங்கைக் காலி பண்ண மாட்டோம். வால்வை மூடிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வோம். அப்புறம் மேனேஜரே மாடிப்படி இறங்கி நம்மைத் தேடி வருவார்.

கேம் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் எங்கே என்று அவனுக்குத் தெரியக் கூடாது. உன்னுடைய தேடும் ப்ரோக்ராமுக்கு மட்டும் தெரிய வேண்டும். அப்படிச் செய்ய முடியுமா? முடியும் என்றால், அன்றைக்கு அவன் அத்தனை பேர் முன்னால் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

பதில் எழுதியதும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஆரோக்கியராஜ் வேறு இன்று, “கோவிந்தசாமி, எழுதுறப்ப உன் முகமே சரியில்லியே, பொண்ணு ஒத்துக்கலியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

அப்பா


அண்ணாமலை நகர்
4-1-2006

அப்பா,

முடியும். இதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இடம் மாற்றினால் மட்டும் போதாது, விண்டோஸே மோப்பம் பிடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். உள்ளே கேமை ஓட வைக்கும் ஃபைலின் பெயரையும் மாற்றுங்கள். பெயர் மாற்ற, அதே வலது பக்க அழுத்தல்தான், ‘ரீநேம்’ என்று இருக்கும். மாமா பெயரை வைத்துத்தான் தேடுவார், கிடைக்காது.

முன்பு என் ப்ரோக்ராம் தெரிந்த இடங்களில் மட்டும் பார்த்தது. நீங்கள் சொன்ன மாதிரி அதுவும் பலகையைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. இந்தப் பத்து நாளில் மாற்றிவிட்டேன். இப்போது எந்தப் பெயரையும் பார்க்காது. ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய், மைதானத்தின் படம் இருக்கும் ஃபைலைத் தேடும். அது யாரும் தொடாத ஃபைல். கிடைத்தால் பெயர்களைத் திருத்தி, கேமைத் திறந்து, முதல் திரையில் என் பெயரைப் போடும். சி.டி.யை இதோடு வைத்திருக்கிறேன். வெயிலில் வைக்காதீர்கள்.

இங்கே எட்டுத் தடவை ஒளித்து வைத்துப் பார்த்தேன், எட்டுத் தடவையும் கண்டுபிடித்தது. ஒன்பதாவது தடவை அம்மா ஞாபகம் வந்தது. அன்றைக்கு அம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பார். அம்மா பார்க்க மாமா தலைகுனிவார்.

பரவாயில்லை. நான் தலைகுனிந்தபோது அம்மா அங்கே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிந்துஜா


செம்மங்குப்பம்
17-1-2006

அன்புள்ள சிந்துவுக்கு,

இதோடு ஒரு தாள் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு வந்து இதைப் படி. கசங்கியிருந்தால் நான் நாலு தடவை பிரித்துப் பார்த்ததுதான் காரணம், தபால்காரரைத் திட்டாதே.

பார்த்தாயா? கடை லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்ப், கையெழுத்து. இனி உன் மேடத்துக்கு என்ன வேண்டும்?

போகி அன்று மத்தியானம் அவன் கடையைச் சாத்தக் கிளம்பினான். “பொங்கலும் அதுவுமா எட்டுப் பொட்டியும் தூசியா இருக்கே, நான் தொடைச்சு வெச்சுட்டுப் பூட்டிட்டு வர்றேன்” என்றேன். பழையதைக் கழிக்கிற நாளில் வலிய வந்து வேலை செய்கிற ஆளை யார் வேண்டாம் என்பார்கள்? “தொடைச்சா மட்டும் போதும் மாமா, ஆன் கீன் பண்ணிடாதீங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

துடைக்கவும் செய்தேன், அந்தப் பொய் மட்டும் வேண்டாம் என்று. ஒற்றை விரலால் தட்டித் தட்டி எட்டையும் முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒன்று கிடைத்ததும் மற்றதும் கிடைத்துவிடும். அதனால் வால்வுக்கு நம்பர் போடுவது போல V-101 முதல் V-108 வரை வைத்தேன். லாக் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். ஆறாவது பெட்டியில் ஏதோ அழுத்தி எழுத்தெல்லாம் பெரிசாகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நடுவில் கடை இரண்டு நாள் மூடியிருந்தது. சீர் வந்தது. கத்தரிப்பூ நிறம். உன் அம்மா நீ இல்லாத இலையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். அன்பரசு, “படிக்கிற புள்ள, விடு அக்கா” என்று எனக்கு முன்னால் வடையைக் கடித்தான். அந்த ஒரு கடியில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச யோசனையும் போய்விட்டது.

நேற்று காணும் பொங்கல். பீச்சுக்குப் போக வேண்டிய கூட்டம் பாதி கடை வாசலில். பந்தல், மைக், கேபிள் டிவிக்காரர் தோளில் கேமரா. உன் அம்மா கத்தரிப்பூப் புடவையில் முதல் வரிசை. பரங்கிப்பேட்டையிலிருந்துகூடப் பசங்க பஸ் ஏறி வந்திருந்தார்கள். அன்பரசு வெள்ளை வேட்டியில் வந்து, “நான் உருவாக்கிய கடலூர் கப்” என்று மைக்கில் சொல்லிவிட்டு முதல் பெட்டியில் படத்தை அழுத்தினான்.

காணவில்லை என்று வந்தது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது. எட்டும் அப்படியே. பசங்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

“அண்ணே, ஆட்டம் இருக்கா, இல்ல மைக் செட் மட்டும்தானா?”

“மழைன்னு சொல்லி அம்பயர் எடுத்துட்டுப் போயிட்டாராடா?”

பில் என்ற பெயரைத் தேடினான். பழைய ரசீதுகள் வந்தன. மறுபடி ஏற்றலாம் என்று பீரோவைத் திறந்து சி.டி.யைத் தேடினான், மூல சி.டி.யை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்களாம். இது மட்டும் நம் திட்டத்தில் இல்லாதது. நான் முதல் வரிசையில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். நிதானமாக, ஒவ்வொன்றாக. அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. காது சிவந்தது. கேபிள்காரர் கேமராவைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அப்போதே எழுந்து அவனிடம் போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருபது நிமிஷம்.

“என்ன அன்பு, பிரச்சினையா?”

“ஒண்ணும் இல்ல மாமா, உக்காருங்க.”

அப்புறம் அவனே வந்தான். குனிந்து காதில், “மாமா, சிந்துவுக்கு ஒரு போன் போட முடியுமா?” என்றான்.

“பொங்கல் லீவுல ஹாஸ்டல் போனை யார் எடுப்பா? ஆனா ஒரு சி.டி. அனுப்பியிருக்கா. கேம் எங்க ஒளிஞ்சிருந்தாலும் அது போயி கண்டுபிடிச்சுடுமாம்.”

“குடுங்க மாமா, சீக்கிரம்.”

“குடுக்கலாம். ஆனா அதைப் போட்டா முதல்ல அவ பேரு வருமாமே. நீ செஞ்ச கேம்ல அவ பேரு வந்தா ஜனம் என்ன நினைக்கும்? உனக்குத்தான் அசிங்கம்.” எழுந்து அவன் தோளில் கை போட்டேன். “அவதான் செஞ்சான்னு ரெண்டு வரி எழுதிடு. வில்லங்கம் இல்லாம போயிடும்.”

“இப்பவா மாமா?”

“இப்பத்தான். ஸ்பெல்லிங் நான் பாத்துக்கறேன்.”

என்னை ஒரு பார்வை பார்த்தான் சிந்து. அந்தப் பார்வையை ஃப்ளாப்பியில் ஏற்ற முடிந்தால் அனுப்பி வைத்திருப்பேன். உன் அம்மா, “கொழந்தை செஞ்சதுதானேடா, எழுதிக் குடுத்துட்டுப் போயேன், எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியாமலே நம் பக்கம் வந்துவிட்டாள்.

கல்லாவில் நின்றபடி எழுதினான். “எனது பங்கு எதுவும் இல்லை” என்ற வரி என் யோசனை. ஸ்டாம்ப் வைக்கிற வரைக்கும் சி.டி.யைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

உன் ப்ரோக்ராம் ஓடியது. திரையில் பெயர் பெயராக ஃபோல்டர்கள் ஓடின. கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது. எனக்கே அது எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டது மாதிரி நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். V-101 என்று வந்து நின்றது. மைதானம் திறந்தது. அதன் மேல் கொட்டை எழுத்தில்: ஆக்கம், கோ. சிந்துஜா.

கேபிள்காரர், “யாருங்க சிந்துஜா?” என்று மைக்கை நீட்டினார். அன்பரசு தொண்டையைச் செருமி, “எங்க அக்கா பொண்ணு. அதுதான் செஞ்சுது” என்றான். கைதட்டினார்கள். அன்றைக்குக் கைதட்டியவனும் அதில் இருந்திருப்பான். செம்மங்குப்பம் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டது, அது வேறு விஷயம்.

தாளை இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை மேடத்திடம் கொடுக்கும்போது தலையை நிமிர்த்திக் கொடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அன்பரசு மெதுவாகச் சொன்னான்.

“மாமா, இது யாரு வேலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பக்கிரி.”

பக்கிரி, போன வருஷம் வரை அந்தக் கடையில் மெக்கானிக்காக இருந்து சண்டை போட்டுக்கொண்டு போனவன். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.

“சிங்கப்பூர்ல இருந்தா?”

“போறப்பவே ஏதோ வெச்சுட்டுப் போயிருக்கான். எட்டு பொட்டிக்கும் எட்டு நம்பர் குடுத்திருக்கான் பாருங்க மாமா. V-101, V-102ன்னு வரிசையா. ஒரு ஃபைல் சேதாரம் இல்ல. சரியா டோர்னமென்ட் அன்னிக்கு. என்ன மூளை மாமா. துரோகின்னாலும் சொல்லணும், கடலூர்லயே அவனை மாதிரி வேலைக்காரன் கிடையாது.”

“அப்படியா” என்றேன்.

“உங்களுக்குச் சொன்னா புரியாது மாமா. மவுஸைத் தூக்குற ஆளு நீங்க. இதெல்லாம் தனி வித்தை.”

நாற்காலியை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவன் பக்கிரியின் கைத்திறமையை எண்ணி எண்ணித் தலையாட்டிக்கொண்டிருந்தான். பக்கிரியைத் தேடிப் போய் யாரும் அடிக்கப் போவதில்லை, அவன் கடல் தாண்டி இருக்கிறான். அதனால் நான் சும்மா இருந்தாலும் பாவம் இல்லை. ஆனால் வாய் வரை வந்துவிட்டது சிந்து, பல்லைக் கடித்துக்கொண்டேன்:

டேய், அது என் வேலைடா.